அட்டை மேஸ் ஓர் ஒளியியல் கருவியே: மாத்தளை மாவட்டத்தை முன்வைத்து ஒரு சிற்றாய்வு

மக்ரோ படம் எடுக்க வெளிக்கிடுகிறவரின் பைக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அறிஞருலகம் இன்றுவரை உரிய மரியாதை தரவில்லை. லென்ஸின் கண்ணாடி அடுக்குகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியவர்கள், உடுப்புக் காயப்போடும் கிளிப்பைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. பால்மாப் பக்கெட்டின் உட்புறம் ஏன் வெள்ளியாகப் பளபளக்கிறது, அதனால் ஓணானுக்கு என்ன நன்மை என்று எவரும் கேட்கவில்லை. இப்பெருங்குறையை நீக்கும் பொருட்டே இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது.

ஆய்வுக்களமாக மாத்தளை மாவட்டம் தெரிவானதற்கு நியாயம் உண்டு. வடக்கே தம்புள்ளையிலும் சீகிரியாவிலும் வெயில் கொளுத்தும். கிழக்கே நக்கிள்ஸ் மலைகள் முகிலுக்குள் புதைந்து கிடக்கும். இடையில் கொக்கோவும் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வனிலாவும். வியர்வையில் கமரா வழுக்குவது, ஈரத்தில் லென்ஸ் மங்குவது, காற்றில் குடை பிய்வது, அட்டையால் கால் சிவப்பது ஆகிய நான்கையும் ஒரே நாளில் கண்டு பதிவுசெய்ய இதைவிட வசதியான ஆய்வுகூடம் கிடைப்பது அரிது.

நிறுவ முனையும் கருதுகோள் ஒன்றே. அட்டைக்கடியைத் தடுக்கக் காலில் மாட்டும் அட்டை மேஸ் உடுப்பு வகையைச் சேர்ந்ததன்று; அது ஓர் ஒளியியல் கருவி. தரவரிசையில் லென்ஸுக்கு அடுத்த இடம் அதற்கே உரியது. முக்காலி, போகஸ் ரெயில், விலைகூடிய பிளாஷ் எல்லாம் அதற்குக் கீழேதான் உட்கார வேண்டும். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் அடுத்த பகுதியிலுள்ள கணக்கைப் பார்த்த பிறகு சிரிக்கலாம்.

ஒரு மில்லிமீற்றர்ச் சிக்கல்

மக்ரோ என்று கடைக்காரர் சொல்வதெல்லாம் மக்ரோ ஆகிவிடாது. பொருளின் உண்மையான அளவும் சென்சரில் விழும் பிம்பத்தின் அளவும் சமமாக வந்தால் அது 1:1. இலக்கணப்படியான மக்ரோ அங்கேதான் தொடங்குகிறது. 36 மி.மீ. அகலமுள்ள சென்சரில் அப்போது 36 மி.மீ. அகலமுள்ள உலகம் மட்டுமே விழும். ஒரு கொக்கோப் பூவும் அதைச் சுற்றிக் கொஞ்சம் மரப்பட்டையும் அதற்குள் அடங்கிவிடும்.

இந்த நிலையை எட்ட மக்ரோ லென்ஸ்தான் வேண்டும் என்றில்லை. 50 மி.மீ. லென்ஸுக்கும் கமராவுக்கும் நடுவே 50 மி.மீ. நீளத்துக்கு வெற்றுக் குழாய்களைச் செருகினாலும் 1:1 வந்துவிடும். குழாய்க்குள் காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. அதையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பழைய லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி ஒரு வளையத்தால் மாட்டுவது இன்னொரு வழி. ரெய்னொக்ஸ் டிசிஆர் 250 என்ற, 8 டயொப்டர் வலுவுள்ள குட்டி வில்லையை இருக்கிற லென்ஸின் முன்னால் கவ்வ வைப்பது மூன்றாவது. மூன்றும் சட்டைப்பைக்குள் அடங்கும். மேற்கொண்டு இவற்றில் ஆராய ஒன்றுமில்லை.

அகலம் கிடைத்துவிடும். ஆழத்தில்தான் குடி கெடுகிறது. எஃப் 8 இல் வைத்து 1:1 இல் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். எஃப் 16 க்கு மூடினால் இரண்டு. இன்னும் மூடிப் பார்க்கலாமே என்றால், 1:1 இல் எஃப் எண் நடைமுறையில் இரட்டிப்பாகிவிடும். எஃப் 16 என்று கமரா காட்டும்போது ஒளி எஃப் 32 இல் நெரிபட்டு வருகிறது. விளிம்பு விளைவால் படம் முழுவதுமே மழுங்கும். வெளிச்சமும் கால்வாசிக்குக் குறைந்துவிடும். இயற்கை ஒரு கையால் கொடுத்துவிட்டு மறுகையால் வட்டியோடு வாங்கிக்கொள்ளும் இடம் இது.

இப்போது மனித உடம்புக்கு வருவோம். குந்தியிருந்து மூச்சு விட்டாலே நெஞ்சும் தோளும் ஒரு மில்லிமீற்றரைத் தாண்டி அசையும். நாடித் துடிப்புக்குக் கை அசையும். கணுக்காலில் ஏதோ ஊர்கிறது என்ற சந்தேகம் ஒன்று வந்தால் போதும், ஆள் முழுவதுமே அசைவார். எட்டுக்கால் பூச்சியின் கண்ணில் இருந்த தெளிவு அதன் பின்புறத்துக்குப் போய்விடும். ஆகவே துணைக்கருவி என்பதற்கு இவ்வாய்வு தரும் வரைவிலக்கணம்: படம் எடுப்பவர் ஒரு மில்லிமீற்றர் அசைவதைத் தடுக்கும் எப்பொருளும் துணைக்கருவி. மற்றவை பாரம்.

தெளிவு எதற்கு என்று கேட்கும் கலைஞர்களும் உண்டு. அவர்களுக்கு மலையகத்திலேயே குலதெய்வம் இருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கெமரன், தம் படங்கள் மங்கலாக இருக்கின்றன என்று விமர்சகர்கள் திட்டியதைக் கடைசிவரை பொருட்படுத்தாதவர். 1879 இல் இலங்கையில் காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கமானார். ஆனால் அவர் எடுத்தவை மனித முகங்கள். முகம் மங்கினால் கவிதை என்பார்கள். வண்டு மங்கினால் வண்டு என்றே நம்ப மாட்டார்கள்.

முன்னோர் மொழிந்தவை

ஈரக்காட்டு அட்டையின் விஞ்ஞானப் பெயர் ஹேமடிப்சா சைலானிக்கா. 1826 இல் இடப்பட்டது. பெயரிலேயே நம் நாடு இருக்கிறது. முன்னும் பின்னும் இரண்டு உறிஞ்சிகள், மூன்று தாடைகள், ஐந்து சோடிக் கண்கள். நில அதிர்வு, உடல் வெப்பம், மூச்சுக்காற்று ஆகியவற்றை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும். தரையோடு தரையாகப் படுத்து, அரை மணித்தியாலம் ஒரே இடத்தில், மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருக்கும் ஒருவரைவிட அதற்கு வாய்ப்பான விருந்தாளி யார்? நடந்துபோகிறவர் அட்டைக்குத் தற்செயல். மக்ரோக்காரர் அதற்கு அழைப்பிதழே அனுப்பிவிடுகிறார்.

கடிக்கும்போது நோகாது. இரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளைச் செலுத்துவதால், அது விழுந்த பின்னும் நெடுநேரம் வடியும். பிறகு சொறியும். ஒளியியல் நோக்கில் பார்த்தால் கடியால் கெடுதி இல்லை. சொறிவாலும், அதைவிடச் சந்தேகத்தாலும்தான் கெடுதி.

இத்துறையின் முன்னோடி நூலாசிரியர்களில் ஒருவர் ரொபர்ட் நொக்ஸ். 1660 இல் கண்டி இராச்சியத்தில் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைக்காவலில் இருந்து, 1679 இல் தப்பிப் போய், 1681 இல் இலண்டனில் நூல் வெளியிட்ட ஆங்கில மாலுமி. நாட்டு மக்கள் தேசிக்காயையும் உப்பையும் துணியில் முடிந்து ஒரு தடியின் நுனியில் கட்டி, நடந்துகொண்டே காலில் ஒற்றி அட்டையை விழுத்துவார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். தடி, துணி, தேசிக்காய், உப்பு. பற்றரி வேண்டாம். சார்ஜ் ஏற்ற வேண்டாம்.

இரண்டாமவர் ஜேம்ஸ் எமர்சன் டென்னென்ட். 1859 இல் வந்த அவருடைய இலங்கை நூலில், கோப்பித் தோட்டத் துரைமார் நெருக்கமாக நெய்த துணியில் கால்மறைப்புத் தைத்து அணிந்து அட்டையைத் தடுத்த செய்தி வருகிறது. இன்றைய அட்டை மேஸின் நேரடி முன்னோர் அதுதான். அட்டையின் கண்களையும் பற்களையும் பெரிதாக்கி வரைந்த படத்தையும் அவர் அச்சிட்டிருந்தார். கமரா இல்லாமலே மக்ரோ.

டென்னென்டுக்கும் மாத்தளைக்கும் உறவு அட்டையோடு முடியவில்லை. 1845 தொடக்கம் அவர் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளர். துவக்குக்கு வரி, நாய்க்கு வரி, வீதி வேலைக்கு வரி என்று அரசாங்கம் விதித்ததில் பொறுக்க முடியாமல் 1848 யூலையில் மாத்தளை கிளர்ந்தெழுந்தது. கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான வீர புரன் அப்பு ஓகஸ்டில் சுட்டுக்கொல்லப்பட்டார். 1850 இல் டென்னென்ட் பதவியிழந்து ஊர் போனார். 1861 இல், அதே மாத்தளைப் பக்கத்து மலைகளில் மட்டுமே வாழும் ஓர் ஓணானுக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது: செராட்டோஃபோரா டென்னென்ட்டி. மூக்கின் நுனியில் இலை ஒட்டியிருப்பதைப் போன்ற சதைத் தொங்கலுள்ள ஓணான். அதற்கு வரி விதிக்க மறந்துவிட்டார்கள்.

இந்த ஓணானை முன்வைத்தே இவ்வாய்வின் மிக நுட்பமான முடிவு எட்டப்பட்டது. அது ஓடாது. மரத்தண்டில் பொறுமையாக ஒட்டிக்கொண்டு, நான் இலை, என்னைப் பார்க்காதே என்ற தோரணையில் இருக்கும். அதனால் படம் சுலபம் என்று நினைத்து நேருக்கு நேர் முகத்தைப் பிடித்தால், மூக்கு இலை தெளிவாக விழும்போது கண் கலங்கிப்போகும். கண்ணைப் பிடித்தால் இலை கரைந்துபோகும். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீற்றரைவிட எத்தனையோ மடங்கு தூரம். பக்கவாட்டுக்குப் போய், மூக்கும் கண்ணும் லென்ஸுக்கு ஒரே தளத்தில் வரும்படி நிற்க வேண்டும். அந்தப் பக்கம் பெரும்பாலும் சரிவு, சேறு, அழுகல் இலை. அதாவது அட்டை. மேஸ் போட்டவர் அந்தப் பக்கம் போகிறார். போடாதவர் நேர்முகப் படத்தோடு வீடு திரும்புகிறார்.

உப்பும் சவர்க்காரமும் சித்தாலேப தைலமும் வெற்றிலைச் சுண்ணாம்பும் இருக்க மேஸ் எதற்கு என்ற மறுப்பு எழும். மூன்று விடைகள் உண்டு. உப்பும் தைலமும் மழையில் கழுவுப்படும், துணி கழுவுப்படாது. பூச்சி விரட்டி மருந்துகளிலுள்ள டீட் என்ற இரசாயனம் பிளாஸ்டிக்கையும் றப்பரையும் கரைக்கவல்லது. அதைப் பூசிய கையால் கமராவைப் பிடித்தால் அட்டை விலகும், கமராவின் பிடியும் பிசுபிசுத்துப் போகும். மூன்றாவது விடை தவளையிடம் இருக்கிறது.

ரத்தொட்டையிலிருந்து ரிவர்ஸ்டனைக் கடந்து இலுக்கும்புர பக்கம் இறங்கினால் பிட்டவல பத்தனை. கற்பாறைமேல் மெல்லிசாக மண் படிந்த புல்வெளி. பாறை வெடிப்புகளுக்குள் நன்னோஃப்ரிஸ் மார்மொராட்டா என்ற தவளை இருக்கிறது. நக்கிள்ஸைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. வெடிப்புக்குள் நுழைய வசதியாக உடம்பே தட்டை. அதன் வாற்பேத்தைகள் குளத்தில் நீந்துவதில்லை. நனைந்த பாறையின்மேல் படலமாக வழியும் நீரில் ஒட்டி ஊர்கின்றன. தவளையின் தோல் நீரை உள்ளே விடும் தோல். கரைந்து வழியும் உப்பும் தைலமும் அதே வழியால் உள்ளே போகும். பாறையில் ஒரு பிடி உப்பைத் தட்டுகிறவர், தான் படம் எடுக்க வந்த பிராணியின் தொட்டிலில்தான் தட்டுகிறார். ஆக, மேஸ் ஒன்றே அட்டை, தவளை, கமரா மூன்றுக்கும் தீங்கு செய்யாமல் காரியம் பார்க்கிறது.

மேஸின் உள்ளிலக்கணம் எளிது. முழங்கால்வரை உயரம், நெருங்கிய நெசவு, மேலே முடிச்சுக் கயிறு. களிசான் காலை உள்ளே விட்டு, மேஸை அதன்மேல் இழுத்து, பிறகு சப்பாத்து. வெள்ளை நிறமே உத்தமம். ஏறிவருவது யார் என்று தூரத்திலேயே தெரியும். கரும்பச்சை மேஸ் அழகாக இருக்கலாம். அட்டைக்கும் அதுவே பிடிக்கும்.

படங்கு

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள், செடியின் ஈரமும் கிளையின் கீறலும் படாமலிருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டும் சீட்டுக்குப் படங்கு என்று பெயர். கடைகளில் இதே வேலைக்கு மண்டியிடு பாய், தரைவிரிப்பு என்று வகைவகையாக விற்கிறார்கள். படங்குக்கு நிகர் இல்லை. நனையாது, மடித்தால் பைக்குள் அடங்கும், மழை வந்தால் கமராவுக்குப் போர்வை, காற்றடித்தால் மறைப்பு. முழங்காலுக்குக் கீழே நாலாக மடித்துப் போட்டால் பிட்டவலவின் கூர்ங்கற்கள் தெரியாது. எலும்பு நோகாதவர் அசையமாட்டார். நனைந்த பாறையில் மட்டும் விரிக்கக் கூடாது. வாற்பேத்தைகளை ஏற்கெனவே சொல்லியாயிற்று.

அட்டையோடு ஆகக் கூடுதலான அனுபவம் உள்ளவர்கள் இந்தப் படங்கு கட்டியவர்கள்தான். ஒன்றரை நூற்றாண்டாக நாள் முழுவதும் அதன் நடுவே நிற்பவர்களை ஒரு வார்த்தை கேட்காமல், துரைமாரின் கால்மறைப்பை மட்டும் பதிந்துவைத்த அட்டை இலக்கியம் அரைகுறையானது. இது ஆய்வுக்குப் புறம்பான கருத்து என்றாலும் நீக்கப்படவில்லை.

காற்றியல்

ரிவர்ஸ்டன் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அங்கே நிற்கிற மரங்களைப் பார்த்தாலே தெரியும். அடிபட்டு அடிபட்டுக் குள்ளமாகவே நின்றுவிட்டன. ஒரு புல்லின் நுனியில் தும்பி உட்கார்ந்திருந்தால் அது அங்கே உட்கார்ந்திருக்கவில்லை, ஊஞ்சலாடுகிறது. தெளிவு ஒரு மில்லிமீற்றர், ஊஞ்சல் ஒரு சாண்.

இதற்குக் கைகண்ட மருந்து உடுப்புக் கிளிப். பழைய சைக்கிள் ஸ்போக் கம்பியின் ஒரு நுனியை மண்ணில் குத்தி, மறு நுனியில் கிளிப்பைக் கட்டி, புல்லின் தண்டை நடுவில் கவ்விவிட்டால் ஆட்டம் பெருமளவு அடங்கும். கிளிப்பின் வாயில் ஒரு துண்டுப் பஞ்சு வைத்தால் தண்டு நசியாது. இதையே வளையும் கையோடும் கவ்வும் வாயோடும் செய்து வெளிநாட்டில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். தத்துவம் ஒன்றுதான். பிட்டவல பத்தனையில் மண் மெல்லிசு என்பதால் கம்பி இரண்டு விரற்கடைக்குமேல் இறங்காது, பாறை தடுக்கும். அங்கே மணலோ பயறோ நிரப்பிய சின்னத் துணிப்பைக்குள் கம்பியைச் செருகி நிறுத்த வேண்டும். அதே பையைக் கமராவுக்கும் தலையணையாக வைக்கலாம். முக்காலியின் கால்களை எவ்வளவு விரித்தாலும் தவளையின் மட்டத்துக்கு அது இறங்காது. பயற்றுப்பை இறங்கும். தங்கிப்போக நேர்ந்தால் அவித்துச் சாப்பிடவும் இறங்கும்.

குடை இரண்டாவது. காற்றுவரும் பக்கம் தரையில் சாய்த்து வைத்தால் அதன் மறைவில் ஒரு புல்லளவு அமைதி கிடைக்கும். வெயிலில் அதே குடை நிழல். தூறலில் அதே குடை குடை. நிறம் பற்றி ஓர் எச்சரிக்கை: சிவப்புக் குடைக்குக் கீழ் எடுத்த பச்சைப் பல்லி நோயாளியாகத் தெரியும். வெள்ளை இருந்தால் நல்லது. அது வெயிலை வடிகட்டிப் பரப்பும். கறுப்பு எந்த நிறத்தையும் பூசாது, ஒளியைக் குறைக்க மட்டும் செய்யும்.

காற்றோடு மல்லுக்கட்ட விருப்பமில்லாதவருக்குக் கொக்கோத் தோட்டம் உண்டு. இலங்கையில் கொக்கோ அதிகம் விளையும் மாவட்டங்களில் மாத்தளை ஒன்று. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையமும் மாத்தளையில்தான் இருக்கிறது. கொக்கோ, பூவைக் கிளை நுனியில் வைத்துக் காற்றுக்குக் காட்டுகிற மரம் அல்ல. தண்டிலும் தடித்த கிளையிலும் நேராக ஒட்டினாற்போல் பூக்கிறது. மரமே ஆடினால்தான் பூ ஆடும். கிளிப் வேண்டாம், கம்பி வேண்டாம். பூ ஒன்றரைச் சென்ரிமீற்றர் வரும். அதன் மகரந்தத்தைச் சுமப்பவை ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீற்றர் அளவான நுண்ணிய கொசுகு இனங்கள். கீழே அழுகும் சருகிலும் கொக்கோக் கோதிலும் பிறப்பவை. உலகம் சாப்பிடும் சொக்லேட்டில் பெரும்பகுதி இந்தக் கொசுகின் தயவில் நடக்கிறது. ஆனாலும் அதைக் கண்டவர்கள் குறைவு. அதற்கு 1:1 போதாது. குழாயும் ரெய்னொக்ஸும் ஒருங்கே மாட்டி 2:1 க்கு மேல் போக வேண்டும். அங்கே தெளிவின் ஆழம் மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. தோட்டத்தைக் கூட்டிப் பெருக்கி வைத்திருக்கும் ஒழுங்கான சொந்தக்காரரிடம் போகாதீர்கள். சருகு குவிந்து கிடக்கும் சோம்பேறித் தோட்டத்தில்தான் கொசுகு இருக்கும்.

வாசனைத்திரவியத் தோட்டங்களில் வனிலாவுக்குக் கையால் மகரந்தம் சேர்ப்பதைப் பார்க்கலாம். 1841 இல் ரெயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியுஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்த முறை: ஒரு மெல்லிய குச்சியால் பூவின் நடுவிலுள்ள சவ்வை விலக்கிப் பெருவிரலால் மகரந்தத்தை அமர்த்துவது. ஒரு நாளில் வாடிவிடும் பூவில் இவ்வளவு வேலை ஒரு குச்சியால் நடக்கிறது என்றால், மக்ரோப் பையிலும் ஓர் ஈர்க்கு இருப்பதில் தவறில்லை. குறுக்கே நிற்கும் புல்லை வெட்டாமல் விலக்கிப் பிடிக்க அது உதவும். மில்லிமீற்றர்க் கோடுகளை அதில் கீறி வைத்தால் அளவுகோலும் ஆகும். பூச்சியைக் குத்தி எழுப்ப அதைப் பாவிப்பவர்களை இவ்வாய்வு கணக்கில் எடுக்கவில்லை.

வெளிச்சவியல்: லஞ்ச் சீட்டும் பால்மாவும்

கால்வாசிக்குக் குறைந்த வெளிச்சத்தை ஈடுசெய்யப் பிளாஷ் வேண்டும். குறைந்த சக்தியில் அது பத்தாயிரத்தில் ஒரு பங்கு வினாடியளவில் மின்னி மறைவதால் கைநடுக்கத்தையும் ஓரளவு மறைத்துவிடும். தொல்லை வண்டின் முதுகில் தொடங்குகிறது. அந்த முதுகு ஒரு கண்ணாடி. வெறும் பிளாஷை நீட்டினால் வண்டின் நிறம் விழாது. பிளாஷின் உருவம்தான் வெள்ளைப் பொட்டாக விழும். வெளிச்சத்தை வண்டின் பார்வையில் பெரிதாக்க வேண்டும். அதற்கு நடுவில் வெண்மையான, ஒளி ஊடுருவும் ஏதாவது ஒன்று.

யோகட் கோப்பை நல்லது, சிறிது. ரெஜிபோம் தட்டு நல்லது, ஒளியை அதிகம் விழுங்கும். வாழையிலையால் வெளிச்சம் மெதுவாகும், பூச்சி பச்சையாகும். எல்லாவற்றிலும் மேலானது லஞ்ச் சீட். மெலிவு, வெண்மை, சுருக்கங்களில் ஒளி சிதறும் தன்மை என்று எந்த வகையில் பார்த்தாலும் அது ஒளியியலுக்கென்றே பிறந்தது; சோறு கட்டப் பயன்பட்டது வரலாற்றின் விபத்து. 2017 செப்டெம்பரில் லஞ்ச் சீட்டும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் நாட்டில் தடைசெய்யப்பட்டபோது சுற்றாடல் ஆர்வலர்கள் மகிழ்ந்தார்கள். மகிழ்ந்தது சரியே. ஆனால் அந்தத் தடையால் ஒளியியலுக்கு நேர்ந்த இழப்பைப் பாராளுமன்றத்தில் எவரும் எழுப்பவில்லை. படம் வரைபவர்கள் பாவிக்கும் ட்ரேசிங் தாள் இன்றைய மாற்று. மழையில் அது கூழாகும் என்பதால் இரண்டு தாள் வைத்திருப்பது புத்தி.

நிழல் விழும் பக்கத்துக்குப் பால்மாப் பக்கெட். 400 கிராம் பக்கெட்டை விளிம்போடு வெட்டி விரித்தால் உள்ளே வெள்ளித்தாள். ஓணானின் வயிற்றுப் பக்க இருட்டைப் போக்க அது போதும். வெட்டிய பின் நன்றாகக் கழுவிக் காயவிட வேண்டும். மூலையில் மிஞ்சிய மா, காட்டு எறும்புகளுக்குப் பத்து நிமிடத்தில் செய்தி அனுப்பிவிடும். எறும்பையே படம் எடுக்க வந்தவருக்கு இது நன்மைதானே என்று ஒரு சாரார் வாதிடலாம். இரை வைத்து எடுத்த படம் விருந்துப் படம்; அதில் எறும்பின் உத்தியோக வாழ்க்கை தெரியாது என்பது இவ்வாய்வின் நிலைப்பாடு.

கைப்பைக் கண்ணாடி ஒன்றும் கட்டாயம். இலையின் அடிப்புறத்தைத் திருப்பாமல் பார்க்க அது உதவும். திருப்பினால் அடியில் இருப்பவர் இறங்கிப் போய்விடுவார். மாத்தளை வீட்டுத் தோட்டத்துக் கோப்பிச் செடியின் கீழ் அந்தக் கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். பல இலைகளில் செம்மஞ்சள் தூள் பூத்த புள்ளிகள் இருக்கும். 1869 இல் பேராதனைப் பூங்காவிலிருந்து தாவரவியலாளர் துவைட்ஸ் அனுப்பிய இலையில் இதே தூளைக் கண்டுதான் இங்கிலாந்தில் பூஞ்சண ஆய்வாளர் பேர்க்லி அந்தக் கோப்பித் துருப் பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வஸ்டட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். 1880 இல் அதை ஆராய வந்த மார்ஷல் வார்ட், பிசுபிசுப்புத் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் தொங்கவிட்டு அதன் வித்துகளைக் காற்றிலிருந்தே பிடித்தார். அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. மலைநாட்டுக் கோப்பி விழுந்து, அந்த இடத்தில் தேயிலையும் கொக்கோவும் வந்தன. துவக்கு வரிக்கு எதிராகத் திரண்ட கூட்டத்தால் அசைக்க முடியாத கோப்பித் துரைத்தனத்தை இலையின் அடிப்புறத்துப் பொடி கவிழ்த்தது. மாவட்டத்தின் ஆக முக்கியமான மக்ரோப் பொருள் எது என்று கேட்டால் ஓணானுக்கு முன்பாக இதைத்தான் சொல்ல வேண்டும். இன்றைக்கும் எந்த வேலியோரத்திலும் இலவசமாகக் கிடைக்கும்.

ஈரம் பற்றிச் சுருக்கமாக: குளிரூட்டிய வாகனத்திலிருந்து இறங்கியதும் கமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் வியர்க்கும். பையை மூடியபடியே அரை மணித்தியாலம் விட வேண்டும். வீட்டில் பிஸ்கட் டின்னுக்குள் சிலிக்கா பொட்டலங்களோடு பூட்டிவைக்காத லென்ஸுக்குள் பூஞ்சணம் குடிவரும். பூஞ்சணமும் நல்ல மக்ரோப் பொருள்தான், லென்ஸுக்கு வெளியே இருக்கும்வரை.

கொண்டுபோகக் கூடாதது

ஒன்றே ஒன்று: வெற்றுப் போத்தல். வண்டை அடைத்துக் கொண்டுவந்து, வீட்டில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மந்தப்படுத்தி ஆறுதலாகப் படம் எடுக்கும் வழக்கம் சில நாடுகளில் உண்டு. இங்கே அதைச் சட்டம் வேறு பெயரால் அழைக்கும். 2020 மே மாதம் யால தேசிய பூங்காவில் நூற்றுக்கணக்கான பூச்சிகளோடு பிடிபட்ட இரு இத்தாலியர்களுக்கு, 2024 இல் நீதிமன்றம் விதித்த தண்டம் ஏறத்தாழ ஆறு கோடி ரூபாய். நக்கிள்ஸும் பாதுகாக்கப்பட்ட வனமே. 2010 இலிருந்து உலக மரபுரிமைப் பட்டியலில் வேறு இருக்கிறது. தண்ணீர்ப் போத்தலைக்கூட வாய்ப்பக்கம் தெரியும்படி பிடித்துக்கொண்டு நடப்பது மேல்.

வகைப்படுத்த முடியாத ஒன்று

இதுவரை சொன்ன அனைத்தையும் ஒரே சமயத்தில் பிடிக்க ஆறு கைகள் வேண்டும். பூச்சிக்கு இருக்கிறது, மனிதருக்கு இல்லை. எனவே கூடவரும் ஆள் என்ற துணைக்கருவி தவிர்க்க முடியாததாகிறது. குடையைக் காற்றுக்குச் சாய்ப்பார், பால்மாத் தாளை ஓணானின் வயிற்றுக்குக் காட்டுவார். மேஸின் எல்லைக்கு மேலே, சட்டைக் கழுத்துப்பட்டியில் ஏறிக்கொண்டிருக்கும் அட்டையைக் கண்டு சொல்லவும் அவரால்தான் முடியும்.

குறைபாடுகளும் உள்ளன. தன் நிழலைப் பூச்சிமேல் போடுவார். மூச்சை அடக்கியிருக்கும் கணத்தில் “மச்சான், இன்னும் எவ்வளவு நேரம்?” என்பார். எரிபொருளாக ரத்தொட்டையில் ஒரு பிளேன்டீயும் இரண்டு பருப்பு வடையும் ஏற்ற வேண்டும். திரும்பும் வழியில் மறுபடியும். கடையில் வாங்க முடியாது, பைக்குள் மடியாது.

அவருடைய அட்டை மேஸும் ஒளியியல் கருவிதானா என்பது தீராத கேள்வி. அவர் அசைந்தால் கமரா அசைவதில்லை. குடை அசைகிறது, குடை அசைந்தால் காற்று புகுகிறது, காற்று புகுந்தால் புல் ஆடுகிறது. அந்த வகையில் அதைக் காற்றியல் கருவி என்ற தலைப்பின் கீழ்ப் பதிவதே முறையாகும். யார் காசில் வாங்குவது என்பதில் மட்டும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.